கீழ்ப்பக்கம் நூல் புழுப்புழுவா விழுது, எவ்வளவு இறுக்கினாலும் நிக்கல

பாபநாசம் தையல் | திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். 12 வருஷமா ரவிக்கை, சுடிதார் தைக்கிறேன். காலால மிதிக்கிற கறுப்பு மெஷின், மாமியார் தைச்சுக்கிட்டிருந்தது. எண்ணெய் விடுறது, ஊசி மாத்துறது தவிர இதுவரைக்கும் பெரிசா செலவு வெச்சதில்ல.

தேர்ச்சீலை தைக்கிற ஒரு பெரியவர்கிட்ட இந்த மாசி மாசம் வேலை வாங்கியிருக்கேன். பங்குனித் தேருக்குத் தொம்பை, அதாவது தேர்ல குழல் மாதிரி தொங்கவிடுற அலங்காரத் துணி. அவர் வெட்டிக் கொடுக்குற பூ, அன்னம், யாளி உருவத்தையெல்லாம் அடித்துணி மேல வெச்சு ஓரம் பிடிச்சுத் தைக்கணும். மடிப்போட சேர்த்தா சில இடத்துல நாலு மடங்கு துணி வருது.

மேல பார்த்தா தையல் நல்லாத்தான் இருக்கு. திருப்பினா கீழ்ப்பக்கம் நூல் புழுப்புழுவா சுருண்டு தொங்குது. விரலை விட்டு இழுத்தா மொத்தமா உருவிக்கிட்டு வருது. மேல் நூல் டென்ஷன் நட்டைக் கடைசி வரைக்கும் திருகிட்டேன், ஒண்ணும் மாறல. கீழ் நூல் சுத்தின பாபினை வெக்கிற கூடு, அந்த பாபின் கேஸ் திருகை இறுக்கினேன், இன்னும் மோசமாச்சு. தளர்த்தினேன், அதுவும் சரியில்ல. இப்ப அது எந்த இடத்துல இருந்துச்சுன்னே மறந்துபோச்சு.

ரிப்பேர் பார்க்குறவரு ஒருத்தர் வந்து பார்த்துட்டு, அடியில நூலைப் பிடிச்சுச் சுத்துற ஷட்டில் தேஞ்சுபோச்சு, செட்டோட மாத்தணும்னு சொல்லிட்டாரு. நம்புறதா? பெரியவர் துணியை வாங்கினதும் முதல்ல பின்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பாரு. தேர் ஓடும்போது காத்துல தொம்பை ஆடுறதுல லூஸ் தையல் எல்லாம் பிரிஞ்சுரும்னு சொல்லியிருக்காரு. இன்னும் 22 துண்டு பாக்கி இருக்கு.


ஆரூர் யூனிஃபார்ம் | திங்கள், இரவு 10.15

அக்கா, முதல்ல புது ஊசி போடுங்க. நாங்க மகளிர் தையல் கூட்டுறவு சங்கத்துல பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறோம். எந்தத் தகராறு வந்தாலும் முதல்ல ஊசியைத்தான் மாத்துவோம். பாதி அதுலயே சரியாயிரும். நாலு மடங்கு துணிக்கு 16ஆம் நம்பர் வேணும். ரவிக்கைக்குப் போடுற 11 வளைஞ்சு கொடுக்கும்.

ஊசி வாங்கும்போது ஒண்ணு பாருங்க. வீட்டு மெஷின் ஊசிக்குத் தலை ஒரு பக்கம் தட்டையா இருக்கும். பவர் மெஷின் ஊசித் தலை முழுக்க உருண்டை. கடையில கலந்து கொடுத்துருவாங்க.


மாயவரம் மெக்கானிக் | செவ்வாய், காலை 6.05

தங்கச்சி, காசு எதுவும் கொடுத்துராதீங்க, கொஞ்சம் பொறுங்க. 40 வருஷமா இந்த வேலைதான் பார்க்குறேன். இப்ப கண் பார்வை குறைஞ்சதால மெஷின் பிரிக்கிறதில்ல.

நீங்க எழுதினதுல ஒரு வரி முக்கியம். நட்டைக் கடைசி வரைக்கும் திருகியும் ஒண்ணும் மாறலன்னு சொல்றீங்க. ஷட்டில் தேஞ்சிருந்தா தையல் விட்டு விட்டு விழும், நூல் அறுபடும், சத்தம் வரும். நட்டை இறுக்கியும் தையல்ல ஒரு மாற்றமும் இல்லன்னா, அந்த இறுக்கம் நூலுக்குப் போய்ச் சேரலன்னு அர்த்தம்.

சுருள் கீழ விழுறதால எல்லாரும் கீழயே நோண்டுவாங்க. ஊசி கீழ இறங்கிக் கொஞ்சம் மேல ஏறும்போது மேல் நூல் ஒரு கண்ணி விடும். ஷட்டில் மூக்கு அந்தக் கண்ணியைப் பிடிச்சு பாபின் கேஸை முழுசா சுத்தி எடுத்துக்கிட்டு வரும். அப்போ துணிக்கு அடியில மேல் நூல் நிறைய இருக்கும். முன்னால ஏறி இறங்கி நூலை இழுக்குற கை, அந்த டேக்கப் லீவர் மேல ஏறும்போது அத்தனை நூலையும் திரும்ப மேல இழுத்தாத்தான் முடிச்சு துணிக்கு நடுவுல போய் உட்காரும். டென்ஷன் தட்டு ரெண்டும் நூலைப் பிடிச்சிருந்தா லீவர் கீழ இருக்குற நூலை இழுக்கும். தட்டு பிடிக்கலன்னா, இழுக்கச் சுலபமா இருக்குற பக்கத்திலிருந்து, அதாவது நூல்கண்டிலிருந்து புது நூலை இழுத்துக்கும். கீழ இருக்குறது அங்கேயே கிடக்கும். அதுதான் உங்க புழு.

கீழ சுருள் விழுந்தா மேல பாருங்க. மேல்பக்கம் கீழ் நூல் புள்ளி புள்ளியா எட்டிப் பார்த்தா, ஒண்ணு மேல் நூல் ரொம்ப இறுக்கம், இல்ல பாபின் பக்கம் ரொம்ப லூஸ்.

இன்னைக்கு ஒரே ஒரு சோதனை பண்ணுங்க. மேல் நூலை முழுசா உருவிடுங்க. துணியை அமுக்கிப் பிடிக்கிற பாதத்தைத் தூக்கி வெச்சுட்டு, மறுபடி முதல்லேருந்து கோர்த்து வாங்க. டேக்கப் லீவர் ஓட்டையை விட்டுறாதீங்க. ஊசியில மட்டும் கோர்க்க வேண்டாம். இப்ப பாதம் தூக்கியிருக்கும்போதே நூலை இழுத்துப் பாருங்க, லேசா வரணும். பாதத்தை இறக்கிட்டு இழுங்க, கை உணர்ற மாதிரி இறுகணும். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு எழுதுங்க.


திருபுவனம் பட்டு ரவிக்கை | செவ்வாய், காலை 8.30

ஐயா சொல்ற சோதனை ரொம்ப சரி. பாதம் இறங்கியிருக்கும்போது நூல் கோர்த்தா தட்டு ரெண்டும் மூடியிருக்கும். நூல் நடுவுல நுழையாம மேலோட்டமா உட்காரும். அவசரத்துல எல்லாருக்கும் நடக்குறதுதான். என்கிட்ட கத்துக்க வர்ற பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிருவேன், நூல் கோர்க்கிறதுக்கு முன்னாடி பாதத்தைத் தூக்கணும்னு.


பாபநாசம் தையல் | செவ்வாய், மதியம் 2.20

ஐயா, செஞ்சு பார்த்துட்டேன். வித்தியாசமே இல்ல. பாதம் தூக்கினாலும் இறக்கினாலும் நூல் ஒரே மாதிரி லேசா வருது. நட்டை இறுக்கி வெச்சிருக்கும்போதும் அப்படித்தான். ஊசியும் 16 போட்டுட்டேன், தையல் அப்படியேதான் இருக்கு.


மாயவரம் மெக்கானிக் | செவ்வாய், மாலை 5.50

அப்ப உங்க ஷட்டிலுக்கு ஒண்ணும் ஆகல, சந்தோஷம்.

பாதத்தைத் தூக்கினா தட்டு ரெண்டும் விலகணும், அப்பதான் துணியை வெளிய எடுக்கும்போது நூல் தாராளமா வரும். அதுக்காக டென்ஷன் தண்டுக்கு நடுவுல ஒரு சின்ன ஊசி மாதிரி பின் ஓடும். பாதம் தூக்குற லீவர் அந்தப் பின்னை முன்னால தள்ளும், பின் ஸ்பிரிங்கைத் தள்ளும், தட்டு விலகும். பாதத்தை இறக்கினதும் பின் உள்ள போகணும். உங்க மெஷின்ல அது உள்ள போகாம முன்னாலயே நிக்குது. தட்டு எப்பவும் திறந்தே கிடக்கு.

ரெண்டு காரணம் இருக்கலாம். துருப் பிடிச்சிருக்கும், இல்ல பழைய எண்ணெய் பிசினா இறுகியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில மெஷின் எங்க இருந்துச்சு? தேங்காய் எண்ணெய் விடுற பழக்கம் உண்டா?

இன்னொண்ணு. தடிமனான துணியைப் பாதத்துக்கு அடியில திணிக்கும்போது லீவர் முழுசா கீழ இறங்காம அரைகுறையா நிக்கும். அப்பவும் பின் தட்டைத் தள்ளிக்கிட்டேதான் இருக்கும். தொம்பை வேலையில இது அடிக்கடி வரும். ஒவ்வொரு தடவையும் லீவரைக் கையால அமுக்கி முழுசா இறக்கிட்டு மிதிங்க.


பாபநாசம் தையல் | செவ்வாய், இரவு 8.10

மழைக்காலத்துல ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்துலதான் இருந்துச்சு ஐயா. சாரல் அடிக்கும், மேல பாலித்தீன் போட்டு மூடியிருந்தேன். தேங்காய் எண்ணெய் நான் விடுறதில்ல, மாமியார் விட்டிருக்காங்க.

பிரிக்கிறதுக்குப் பயமா இருக்கு. திரும்பச் சேர்க்கத் தெரியலன்னா என்ன பண்றது?


வேதாரண்யம் உப்புக்காத்து | செவ்வாய், இரவு 9.00

பயப்படாதீங்கம்மா, நானே பிரிச்சுச் சேர்த்திருக்கேன். 2018 நவம்பர் 16 கஜா புயல்ல எங்க கூரை மெஷின் மேலயே விழுந்துருச்சு. ரெண்டு நாள் மழையில கிடந்துச்சு. தோட்டம், மரம் எல்லாம் போயிருந்த நேரம். கையில இருந்த ஒரே பிழைப்பு அந்த மெஷின்தான். எங்க ஊர் உப்புக் காத்துக்கு இரும்பு சாதாரணமாவே தாங்காது, நனைஞ்சா கேட்கவே வேண்டாம்.

மண்ணெண்ணெயில துணியை நனைச்சு ஒவ்வொரு இடமா துடைச்சேன். சக்கரம் சுத்த மூணு நாள் ஆச்சு. அது ஓட ஆரம்பிச்ச பிறகும் உங்களுக்கு வந்த இதே சுருள் எனக்கும் வந்துச்சு. எனக்குப் பின் நல்லாத்தான் இருந்துச்சு, தட்டுக்குள்ள துரு. சொரசொரன்னு இருக்குற தட்டுல நூல் ஒரு நேரம் மாட்டும், ஒரு நேரம் வழுக்கும். அதனால ஒரு சாண் தையல் நல்லா இருக்கும், அடுத்த சாண் கெட்டுப்போகும். தட்டு ரெண்டையும் புதுசா மாத்தினேன். மெஷின் விலையோட பார்த்தா அது ஒரு செலவே இல்ல.

பாலித்தீன் போட்டு மூடாதீங்க. உள்ள வேர்த்து அந்த ஈரம் அப்படியே நிக்கும். பழைய பருத்திச் சேலையை ரெண்டா மடிச்சுப் போடுங்க.


மாயவரம் மெக்கானிக் | புதன், காலை 6.10

பிரிக்கிற முறை சொல்றேன். பகல் வெளிச்சத்துல, வெள்ளைத் துணி விரிச்சு உட்காருங்க. ஒவ்வொண்ணா கழட்டும்போது போன்ல படம் எடுத்துக்குங்க. கழட்டின வரிசையிலேயே இடமிருந்து வலமா துணி மேல வையுங்க. முதல்ல நட்டு வரும், உங்க மெஷின்ல எண் போட்ட வளையம் இருந்தா அது, அப்புறம் சுருள் ஸ்பிரிங், அடுத்து குறுக்கே கம்பி இருக்குற வளையம், பிறகு தட்டு ரெண்டு. தட்டு ரெண்டோட உப்பின பக்கமும் ஒண்ணை ஒண்ணு பார்த்து இருக்கணும். இதை மாத்திப் போட்டுட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்தவங்களை எனக்குத் தெரியும்.

தண்டு நடுவுல இருக்குற பின்னை மெதுவா வெளிய இழுங்க. வரலன்னா மண்ணெண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு ஒரு மணி நேரம் விடுங்க. இடுக்கியால நெரிக்க வேண்டாம், வளைஞ்சா போச்சு. வெளிய வந்ததும் ரொம்ப நைஸான உப்புத்தாளால தேய்ச்சு, துடைச்சு, காய வெச்சுப் போடுங்க. துளைக்குள்ளயும் நூலை முறுக்கி விட்டுத் துடைங்க. தட்டை வேட்டித் துணியால துடைங்க. தட்டுல எண்ணெய் மட்டும் படவே கூடாது, நூல் வழுக்கும், துணியும் கறையாகும்.

தட்டுல நூல் அறுத்த கோடு இருக்கான்னு நகத்தால தடவிப் பாருங்க. பாலியெஸ்டர் நூல் வருஷக்கணக்கா ஓடினா இரும்பிலேயே வாய்க்கால் வெட்டிரும்.

பாபின் கேஸ் திருகை நாளைக்குப் பார்ப்போம். அதை யாரும் தொடக் கூடாதுங்கறது என் கட்சி.


திருபுவனம் பட்டு ரவிக்கை | புதன், காலை 9.25

ஐயா, உங்க அனுபவத்துக்கு மரியாதை வெச்சுத்தான் சொல்றேன், பாபின் திருகைத் தொடவே கூடாதுன்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். அந்தத் திருகு திருப்புறதுக்குத்தான் இருக்கு. பட்டு ரவிக்கைக்கு மெல்லிய நூல் போடுறேன், லைனிங் சேர்த்துத் தைக்கும்போது சாதா நூல் போடுறேன். ரெண்டுக்கும் ஒரே இறுக்கம் வெச்சா பட்டுல தையல் நெடுக சுருக்கம் விழும். திருபுவனம் பட்டு கனமான பட்டு, அதுலயே சுருக்கம் தெரியும். மென்பட்டுன்னா பார்க்கவே முடியாது.

என்கிட்ட பாபின் கேஸ் ரெண்டு இருக்கு. ஒண்ணுல சிவப்பு நகப்பூச்சு ஒரு பொட்டு, அது பட்டுக்கு மட்டும். பட்டுன்னா மேல, கீழ ரெண்டு பக்கமும் சேர்ந்து தளரணும். மேல மட்டும் தளர்த்தினா கீழ் நூல் துணியை இழுத்துப் பிடிச்சுச் சுருக்கும்.


மாயவரம் மெக்கானிக் | புதன், மதியம் 1.40

ரெண்டு கேஸ் வெச்சிருக்கீங்க பாருங்க, அங்கதான் நீங்க சொல்றதை ஏத்துக்குறேன். நான் சொல்ல வந்தது, ஒரே கேஸை வெச்சுக்கிட்டு மேல இருக்குற கோளாறுக்குக் கீழ திருகுறவங்களுக்கு. அப்படித் திருகினா ஒரு கோளாறு ரெண்டாயிரும். தங்கச்சிக்கு இப்ப நடந்திருக்கிறதும் அதுதான்.


புதுசா கத்துக்கறேன் | புதன், மாலை 4.30

அக்கா, நடுவுல கேட்கிறேன், மன்னிச்சுக்கங்க. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்துல எனக்கு மெஷின் கிடைச்சுது. மன்னார்குடி பக்கம் ஒரு அக்காகிட்ட கத்துக்கறேன். எனக்கு இதுக்கு நேர்மாறா வருது. மேல்பக்கம் கீழ் நூல் வெள்ளை வெள்ளையா புள்ளியாத் தெரியுது. மேல் நூலைத் தளர்த்தியும் போகல.


ஆரூர் யூனிஃபார்ம் | புதன், மாலை 5.00

பாபின் கேஸை வெளிய எடு தங்கச்சி. நூல் நுனியைப் பிடிச்சு இழுத்துப் பாரு. தடையே இல்லாம சர்ருன்னு வந்தா, நூல் ஸ்பிரிங்குக்கு அடியில போகலன்னு அர்த்தம். பாபினைப் போட்டதும் நூல் ஓரத்து வெட்டுக்குள்ள இறங்கி, பின்னால திரும்பி ஸ்பிரிங் அடியில நுழைஞ்சு, அந்தச் சின்ன இடைவெளி வழியா வெளிய வரணும். நுழையும்போது விரலுக்கே டிக்குன்னு தெரியும்.

பாபின் சுத்தினதையும் பாரு. நாலு மிதியில அவசரமாச் சுத்தினா பஞ்சு மாதிரி மெத்துன்னு இருக்கும், ஒரு பக்கம் குவிஞ்சிருக்கும். அதுல நூல் ஒரே சீரா வராது. நகத்தால அமுக்கினா கெட்டியா இருக்கணும். விளிம்பு வரைக்கும் நிரப்பாதே.


புதுசா கத்துக்கறேன் | புதன், மாலை 6.15

ஸ்பிரிங் அடியில போகவே இல்லக்கா. போட்டதும் சரியாயிடுச்சு. ரெண்டு நாளா அழுதுக்கிட்டிருந்தேன்.


பாபநாசம் தையல் | வியாழன், மதியம் 12.50

ஐயா, பிரிச்சுட்டேன். பின் வரவே இல்ல. மண்ணெண்ணெய் விட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் அசைஞ்சுது. பாதி தூரம் காவி நிறத்துல துரு, மீதி கறுப்பா பிசின் மாதிரி. தேய்ச்சதும் பளபளன்னு ஆயிடுச்சு. இப்ப லீவரைத் தூக்கினா முன்னால வருது, இறக்கினா உள்ள போகுது. தட்டுல கோடு இருக்கு, ஆனா நகம் மாட்டற அளவுக்கு இல்ல.

திரும்பச் சேர்க்கும்போது கம்பி இருக்குற வளையத்தைத் திருப்பிப் போட்டுட்டேன், படத்தைப் பார்த்து மாத்தினேன். நூல் கோர்த்து, பாதத்தை இறக்கி இழுத்தேன், அப்படியே பிடிச்சுது. என் பொண்ணைக் கூப்பிட்டு அவளையும் இழுத்துப் பார்க்கச் சொன்னேன்.

கீழ சுருள் சுத்தமாப் போச்சு. ஆனா இப்ப தையல் ஒரு நேரம் மேல புள்ளி காட்டுது, ஒரு நேரம் நல்லா இருக்கு. பாபின் திருகைக் கெடுத்து வெச்சிருக்கேன்ல, அதை எப்படிப் பழைய இடத்துக்குக் கொண்டுபோறது?


மாயவரம் மெக்கானிக் | வியாழன், மாலை 5.30

இதைவிட நல்ல சேதி இந்த வாரம் நான் கேட்கல தங்கச்சி.

திருகைத் தொடறதுக்கு முன்னாடி, கேஸோட ஸ்பிரிங் அடியில ஒரு கெட்டித்தாள் நுனியை விட்டு வழிச்சு எடுங்க. பருத்தித் துணி பஞ்சு அங்கதான் சேரும். சில நேரம் அதுவே காரணமா இருக்கும்.

அப்புறம் பாபினைப் போட்டு, நூல் நுனியைப் பிடிச்சுக் கேஸைத் தொங்கவிடுங்க. கீழ மெத்தை மாதிரி ஒரு துணி போட்டுக்குங்க. சும்மா தொங்கும்போது அது இறங்கக் கூடாது. கையை லேசா ஒரு உதறு உதறினா ரெண்டு, மூணு விரல்கடை இறங்கி நிக்கணும். சரசரன்னு தரை வரைக்கும் போனா லூஸ். உதறியும் அசையலன்னா இறுக்கம். திருப்பும்போது கடிகாரத்துல அஞ்சு நிமிஷ முள் தூரம் மட்டும் திருப்புங்க, அதுக்கு மேல வேண்டாம். அந்தத் திருகு ரொம்பச் சின்னது, கழண்டு மண் தரையில விழுந்தா கிடைக்காது.

அது சரியானதும் மேல சிவப்பு நூல், கீழ வெள்ளை நூல் போட்டு, தொம்பை வெட்டின மிச்சத் துணியில நாலு மடங்கு வெச்சே தைச்சுப் பாருங்க. ரவிக்கைத் துணியில பார்த்துட்டுத் தொம்பையில ஓட்டினா கணக்கு மாறிரும். சிவப்பு கீழ தெரியாம, வெள்ளை மேல தெரியாம இருக்குற வரைக்கும் மேல் நட்டை மட்டும் கால் சுத்து, கால் சுத்தா மாத்துங்க.


திருபுவனம் பட்டு ரவிக்கை | வியாழன், இரவு 7.45

நிறம் வெச்சுப் பார்க்கக் கண் ஒத்துழைக்கலன்னா இன்னொரு வழி இருக்கு. துணியைக் கோணவாட்டுல மடிச்சு ஒரு சாண் தைச்சு, ரெண்டு முனையையும் பிடிச்சு வெடுக்குன்னு இழுங்க. மேல் நூல் மட்டும் அறுந்தா மேல இறுக்கம், கீழ் நூல் மட்டும் அறுந்தா கீழ இறுக்கம். ரெண்டும் சேர்ந்து அறுந்தா சமமா இருக்கு. ரெண்டுலயும் ஒரே நூல் போட்டுத்தான் இதைப் பார்க்கணும். எங்கம்மா இப்படித்தான் பார்ப்பாங்க. அவங்க பல்லால நூலைக் கடிக்கும்போதே அது பருத்தியா பாலியெஸ்டரான்னு சொல்லிருவாங்க.


பாபநாசம் தையல் | சனி, இரவு 9.15

நேத்து ராத்திரியே எழுதணும்னு நினைச்சேன், துணியை விட்டு எந்திரிக்க மனசு வரல.

கேஸ் ஸ்பிரிங் அடியிலேருந்து சிவப்பும் பச்சையுமா பஞ்சு வந்துச்சு, தொம்பைத் துணியோடதேதான். தொங்கவிட்டுப் பார்த்து ரெண்டு தடவை லேசாத் திருப்பினேன், நீங்க சொன்ன மாதிரி உதறினா இறங்கி நின்னுச்சு. சிவப்பு, வெள்ளை நூல்ல பார்த்தேன். நாலு மடங்குல மேல் நட்டு ரவிக்கைக்கு வெக்கிறதைவிட முக்கால் சுத்து கூட வேண்டியிருக்கு. அதைச் சுவத்துல எழுதி வெச்சுட்டேன்.

இன்னைக்குக் காலையில ஒன்பது துண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியவர் திருப்பிப் போட்டு, கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா விரலால தடவிப் பார்த்தாரு. யாளி வாய் வளையுற இடத்துல ஒரு துண்டுல மட்டும் தையல் தாண்டியிருக்குன்னு காட்டினாரு. அந்த இடத்துல ஊசியைத் துணிக்குள்ள இறக்கி வெச்சுட்டுத்தான் பாதத்தைத் தூக்கித் திருப்பணும்னு சொல்லிக் கொடுத்தாரு. மத்த எட்டையும் எடுத்து உள்ள வெச்சுக்கிட்டாரு.

ஷட்டில் மாத்தச் சொன்னவருக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். மெஷினைத் தாழ்வாரத்துலேருந்து உள்கூடத்துக்கு மாத்தியாச்சு, மேல மாமியாரோட பழைய சுங்கடிச் சேலை.


மாயவரம் மெக்கானிக் | ஞாயிறு, காலை 6.20

திருப்பிட்டுப் பாதத்தை இறக்கும்போது லீவர் முழுசா கீழ வந்துச்சான்னு ஒரு தடவை கையால அமுக்கிப் பார்த்துக்குங்க தங்கச்சி. யாளி வாய்க்கிட்ட துணி கனமா இருக்கும், லீவர் அங்கதான் அரைகுறையா நிக்கும்.